பவுண்டேஷன் வரிசை: எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவின் ‘பவுண்டேஷன்’ நாவல் வரிசையைக் கல்லூரி மாணவர்களுக்குப் பரிந்துரைத்துத் தங்கள் நாளிதழின் புத்தகப் பக்கம் ஒரு பட்டியல் வெளியிட்டிருந்தது. இந்தத் தொடரை நம் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று நினைத்ததற்கு முழு மனதோடு நன்றி. விழப்போகும் விண்மீன் பேரரசின் அறிவைக் காக்க, ஹாரி செல்டன் என்ற அறிஞர் டெர்மினஸ் என்ற தொலைதூரக் கோளில் நிறுவும் அறிஞர் குடியேற்றம்தான் பவுண்டேஷன்; அவர் மறைவாக நிறுவுவது இரண்டாம் பவுண்டேஷன். ஆனால் பட்டியல் ‘பிரீலூட் டு பவுண்டேஷன்’ நாவலில் தொடங்கி, கதை நடக்கும் காலத்தை ஒட்டி அடுக்கப்பட்டிருக்கிறது. முதல்முறை படிக்கிறவருக்கு அந்த வரிசை பெரிய இழப்பு. கதைக் காலத்தை விட்டுவிட்டு, நூல்கள் வெளிவந்த காலத்தை ஒட்டிப் படிப்பதே சரி. காரணங்களைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். முடிச்சு எதையும் அவிழ்க்காமலே சொல்கிறேன்.

முதலில் நூலகங்களில் நேரும் ஒரு சிக்கல். ஆங்கிலத் தலைப்பின் அகரவரிசையில் அடுக்கினால் ‘பவுண்டேஷன்’ நூலுக்குப் பக்கத்தில் வந்து நிற்பது ‘பவுண்டேஷன் அண்ட் எர்த்’. அதற்கும் அடுத்ததுதான் ‘பவுண்டேஷன் அண்ட் எம்பயர்’. முன்னது 1986-இல் வந்தது, கதைப்படி தொடரின் முடிவு. பின்னது 1952-இல் வந்த இரண்டாம் நூல். முதல் நூலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பதை எடுத்துப் போகும் மாணவர், நடுவிலுள்ள மூன்று நூல்களைத் தாண்டி நேராக முடிவுக்குப் போய்விடுவார். பாதி புரியாது. புரிகிற பாதி, தாண்டி வந்த மூன்று நூல்களின் மர்மத்தைக் கெடுத்துவிடும். தொடர் பிடிக்கவில்லை என்று கைவிடுபவர்களில் பலருக்கு இதுதான் நடந்திருக்கும்.

இத்தொடர் முன்கூட்டித் திட்டமிட்டு எழுதியதல்ல. ஜான் டபிள்யூ. கேம்பல் ஆசிரியராக இருந்த ‘அஸ்டவுண்டிங்’ என்ற அமெரிக்க மாத இதழில், 1942 மே மாதம் முதல் கதை வந்தது. அசிமோவுக்கு அப்போது 22 வயது. 1950 ஜனவரி வரை எட்டுக் கதைகள் வந்தன. அவற்றை நோம் பிரஸ் என்ற சிறு பதிப்பகம் 1951-இல் ‘பவுண்டேஷன்’, 1952-இல் ‘பவுண்டேஷன் அண்ட் எம்பயர்’, 1953-இல் ‘செகண்ட் பவுண்டேஷன்’ என மூன்று நூல்களாக்கியது. முதல் நூலின் தொடக்கப் பகுதி மட்டும் நூலுக்கென்றே பின்னால் எழுதிச் சேர்த்தது. அதன் பிறகு 29 ஆண்டுகள் தொடரில் புதிய நூல் இல்லை. இந்த மூன்று நூல்களை மட்டும் வைத்தே 1966-இல் எக்காலத்துக்கும் சிறந்த தொடர் என்று, அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது கிடைத்தது. 1982-இல் ‘பவுண்டேஷன்ஸ் எட்ஜ்’, 1986-இல் ‘பவுண்டேஷன் அண்ட் எர்த்’. அதற்குப் பிறகுதான் பின்னோக்கிப் போய் முன்கதையாக 1988-இல் ‘பிரீலூட்’ எழுதினார். ‘ஃபார்வர்ட் தி பவுண்டேஷன்’ 1993-இல், அவர் காலமான மறு ஆண்டு வந்தது.

முன்கதைகளை முதலில் படித்தால் என்ன கெடும்? ‘செகண்ட் பவுண்டேஷன்’ நூல் முழுவதும் ஒரே ஒரு கேள்வியைச் சுற்றி ஓடுகிறது: இரண்டாம் பவுண்டேஷன் எங்கே இருக்கிறது? பொய்யான விடைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டி, ஒவ்வொன்றையும் நம்ப வைத்து, கடைசியில்தான் உண்மையைச் சொல்கிறார் அசிமோவ். 1993-இல் வந்த முன்கதையில் அந்த விடை வெளிப்படையாகக் கிடக்கிறது. கதைக் காலப்படி போகிறவர், கேள்வி எழும் முன்பே விடையைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பார். ‘பிரீலூட்’ நாவலின் இறுதியில் ஒருவர் உண்மையில் யார் என்பது வெளியாகிறது. அந்தப் பெயர் 1954-இல் வந்த வேறொரு நாவலில் அறிமுகமானது. அதைப் படிக்காதவருக்கு இது ஏதோ ஒரு பெயர், அவ்வளவுதான். படித்தவருக்கோ உடம்பு சிலிர்க்கும்.

ஹாரி செல்டனின் உருவமும் கெட்டுப்போகிறது. 1940-களின் கதைகளில் அவர் என்றோ இறந்துபோன அறிஞர். காலப் பெட்டகம் என்ற அறையில், குறித்த நாளில், முன்பே பதிவுசெய்த ஒளியுருவாகத் தோன்றிச் சில நிமிடம் பேசிவிட்டு மறைவார். அந்தத் தொலைவுதான் அவருக்கு உயரம் தருகிறது. ‘பிரீலூட்’ நாவலிலோ அவர் 32 வயது இளைஞர், துரத்துகிறவர்களிடமிருந்து ஓடி ஒளிகிறார். அவரைப் பெரியவராக மனதில் பதித்துக்கொண்ட பிறகு அந்த இளைஞரைச் சந்திப்பது தனிச் சுவை. முதலிலேயே சந்தித்துவிட்டால் பெட்டகத்துச் செல்டனிடம் பழைய வியப்பு வராது.

அசிமோவே கதைக் காலப்படி பட்டியல் தந்திருக்கிறாரே என்று கேட்கலாம். ஆம், ‘பிரீலூட்’ முன்னுரையில் 14 நூல்களை அப்படி வரிசைப்படுத்தியிருக்கிறார். ஆனால் அங்கே அவர் சொல்வது, நூல்கள் ‘ஒருவேளை’ படிக்க வேண்டிய வரிசையில் எழுதப்படவில்லை என்பதுதான். அந்த ‘ஒருவேளை’யைக் கவனிக்க வேண்டும். மேலும் அந்தப் பட்டியலில் ‘தி கரண்ட்ஸ் ஆஃப் ஸ்பேஸ்’ நாவலை ‘தி ஸ்டார்ஸ், லைக் டஸ்ட்’ நாவலுக்கு முன்னால் வைத்திருக்கிறார். கதைக்குள் இருக்கும் குறிப்புகளின்படி அது தலைகீழ். எழுதியவருக்கே இடறும் வரிசையைப் புதிய வாசகர் தலையில் ஏற்ற வேண்டியதில்லை.

நான் சொல்லும் வரிசை இது. முதலில் 1951, 1952, 1953-இன் மூன்று நூல்கள், இடையில் வேறெதுவும் வேண்டாம். அடுத்து ரோபோ நூல்கள் மூன்று: ‘ஐ, ரோபோ’ (1950), ‘தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’ (1954), ‘தி நேக்கட் சன்’ (1957). இந்த ஓர் இடத்தில் மட்டும் ‘ஐ, ரோபோ’ மூன்று நூல்கள் பின்தங்குகிறது, அதனால் ஒன்றும் கெடாது. பிறகு ‘பவுண்டேஷன்ஸ் எட்ஜ்’ (1982), ‘தி ரோபோட்ஸ் ஆஃப் டான்’ (1983), ‘ரோபோட்ஸ் அண்ட் எம்பயர்’ (1985), ‘பவுண்டேஷன் அண்ட் எர்த்’ (1986), ‘பிரீலூட்’ (1988), ‘ஃபார்வர்ட்’ (1993). மொத்தம் 12 நூல்கள்.

ரோபோ நூல்களை நடுவில் நுழைப்பதற்குக் காரணம் உண்டு. அசிமோவ் முதலில் இவ்விரண்டையும் தனித்தனி உலகங்களாகத்தான் எழுதினார். பவுண்டேஷன் கதைகளில் ரோபோ கிடையாது. 1982-க்குப் பிறகுதான் இரண்டையும் இணைக்கத் தொடங்கினார். அந்த இணைப்பு நடக்கும்போது இரு பக்கத்தையும் அறிந்திருந்தால்தான் அதன் அருமை தெரியும். ‘தி நேக்கட் சன்’ நாவலில் சொலாரியா என்ற கோள் வருகிறது. மனிதர்கள் 20,000 பேர், ரோபோக்கள் 20 கோடி. ஒருவரையொருவர் நேரில் பார்ப்பதே அருவருப்பு என்று வாழும் சமூகம். ‘பவுண்டேஷன் அண்ட் எர்த்’ பயணிகள் பல்லாயிரம் ஆண்டுகள் கழித்து அதே கோளில் இறங்குகிறார்கள். அந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது என்பதை, முன்னதைப் படித்தவர் மட்டுமே முழுதாக உணர முடியும். ‘பவுண்டேஷன் அண்ட் எர்த்’ நாவலின் கடைசி அத்தியாயத்துக்கும் இது பொருந்தும். ‘ரோபோட்ஸ் அண்ட் எம்பயர்’ படிக்காமல் அங்கே போய்ச் சேர்ந்தால் முடிவு திடீரென்று எங்கிருந்தோ குதித்ததாகத் தோன்றும்.

இனி முதல் நூலைப் பற்றி. பலர் நின்றுபோகும் இடம் அதன் இரண்டாம் பகுதிக்கும் மூன்றாம் பகுதிக்கும் நடுவில். காரணம் எளிது. இந்நூலுக்கு ஒரே நாயகன் கிடையாது. ஐந்து பகுதிகள், ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு. ஒரு பகுதியில் இளைஞராக இருந்தவர் அடுத்ததில் முதியவர், அதற்கும் அடுத்ததில் வெறும் பெயர். நாவல் என்று எண்ணி ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனால் கை நழுவும். மாத இதழில் வந்த தனித்தனிக் கதைகள் என்று எண்ணி, ஒவ்வொரு பகுதியையும் ஒரே அமர்வில் படித்து முடிப்பது நல்லது. மொழி கடினமில்லை. பெரும்பகுதி உரையாடல், எளிய வாக்கியங்கள். பிளஸ் டூ ஆங்கிலம் போதும்.

அத்தியாயத் தொடக்கங்களில் வரும் ‘என்சைக்ளோபீடியா கேலக்டிகா’ மேற்கோள்களைத் தாண்டிப் போகாதீர்கள். அவை அந்தக் கலைக்களஞ்சியத்தின் 116-ஆம் பதிப்பிலிருந்து எடுத்தவை என்றும், அது பவுண்டேஷன் ஆண்டு 1020-இல் டெர்மினஸில் வெளியானது என்றும் முதல் நூலில் ஓர் அடிக்குறிப்பு சொல்கிறது. செல்டனின் திட்டம் ஆயிரம் ஆண்டுகளுக்கானது. அசிமோவ் எழுதி முடித்த கதையோ சுமார் 500-ஆம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. மறுபாதியை அவர் எழுதவே இல்லை. அதற்கு அப்பால் என்ன ஆயிற்று என்பதற்கு நமக்கு இருக்கும் ஒரே தடயம் அந்தச் சிறிய அடிக்குறிப்பு.

இத்தொடரின் உள்ளடக்கத்தை ஒரு வரியில் சொன்னால், ஒவ்வொரு காலகட்டத்திலும் அசிமோவ் தான் முன்பு எழுதியதையே கேள்வி கேட்டுக்கொண்டு போகிறார். வெளிவந்த வரிசையை நான் வற்புறுத்துவதற்கு முதன்மையான காரணம் இதுவே. 1942-இல் அவர் முன்வைத்தது சைக்கோஹிஸ்டரி என்ற கற்பனைக் கணித இயல். வாயுவில் ஒரு மூலக்கூறு எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது, கோடானுகோடி மூலக்கூறுகளின் மொத்த அழுத்தத்தைத் துல்லியமாகச் சொல்லலாம். மனிதக் கூட்டமும் அப்படித்தான் என்பது அதன் அடிப்படை. அதற்கு இரண்டு நிபந்தனைகள்: மக்கள்தொகை மிகப் பெரிதாக இருக்க வேண்டும், கணிப்பின் முடிவு அந்த மக்களுக்குத் தெரியக் கூடாது. இரண்டாம் நிபந்தனைக்காகவே, டெர்மினஸுக்கு அனுப்பிய அறிஞர் கூட்டத்தில் ஒரே ஒருவரைத் தவிர முதல்தரமான உளவியலாளர் வேறு யாரையும் செல்டன் சேர்க்கவில்லை. 12,000 ஆண்டுப் பேரரசு விழப்போகிறது, தடுக்க வழியில்லை, 30,000 ஆண்டு இருண்ட காலத்தை 1,000 ஆண்டாகக் குறைக்கலாம் என்பது திட்டம்.

1945-இல் அந்தத் திட்டத்தையே உடைத்துப் பார்க்கிறார். கேம்பல் வற்புறுத்தியதால் பிறந்தவன் மியூல். கூட்டத்தைக் கணிக்கும் கணிதம், பிறவியிலேயே மாறுபட்ட ஒரு தனிமனிதனைக் கணிக்கவில்லை. 1948 முதல் 1950 வரையான கதைகளில் உடைந்ததைச் சரிசெய்ய மறைவான காவலர்கள் வருகிறார்கள். உடனே புதிய கேள்வி: மறைந்திருந்து வழிநடத்தும் சிலரின் கையில் மனித குலம் இருப்பது நல்லதா? 1982-இல் அந்தக் கேள்வியை நேரடியாக எடுத்து, கோலன் டிரெவைஸ் என்பவரின் முன் மூன்று வழிகளை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார். தேர்ந்தது சரியா என்று தேடிப் போவதுதான் 1986 நாவல். இந்தச் சங்கிலியை நடுவிலிருந்து பிடித்தாலோ கடைசியிலிருந்து பிடித்தாலோ விவாதம் கிடைக்காது, வெறும் சாகசக் கதைதான் கிடைக்கும்.

செட்டிநாட்டு வாசகர் நிதானித்துப் படிக்க வேண்டிய இடம் முதல் நூலின் கடைசிப் பகுதியான ‘தி மெர்ச்சன்ட் பிரின்சஸ்’. நகரத்தலைவர் சால்வர் ஹார்டின் காலத்தில் பவுண்டேஷன் அணுசக்தி அறிவை ஒரு மதமாக்கி, பூசாரிகள் வழியே அண்டை நாடுகளைக் கட்டி வைத்திருக்கிறது. அடுத்து வரும் ஹோபர் மாலோ என்ற வணிகர், மதம் வேண்டாம், சரக்கே போதும் என்கிறார். கோரெல் நாடு போர் தொடுக்கும்போது அவர் படை திரட்டிப் பாயவில்லை. வணிகத்தை நிறுத்துகிறார். வீட்டுக் கத்தி, அடுப்பு, சலவை இயந்திரம், தொழிற்சாலைக் கருவி என்று பவுண்டேஷன் சரக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் பழுதாகி நிற்க, மூன்று ஆண்டுகளில் எதிரி பணிகிறான்.

கிட்டங்கி, பேரேடு, மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற வட்டிக்கடை அமைப்பைக் கொண்டே பர்மா, இலங்கை, மலேயா வரை கடன்வலை விரித்த ஊர்கள் நம்முடையவை. இந்தப் பகுதியின் பலமும் பலவீனமும் நமக்குத்தான் சட்டென்று தெரியும். கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1938-இல் அது 25 சதவீதம். ஆசைப்பட்டு வாங்கிய நிலமல்ல. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல், ஈடு வைத்த நிலம் கைக்கு வந்து சேர்ந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. பவுண்டேஷனின் முதல் கதை அச்சான இதழுக்கு மே 1942 என்று தேதி. நம் வணிகத்தின் பின்னால் நின்றது ஆங்கிலேயரின் நீதிமன்றமும் பத்திரப் பதிவும். அவை போன நாளில் பேரேட்டில் இருந்த எழுத்துக்கு மதிப்பில்லை. மாலோவுக்கு அந்தச் சார்பு இல்லை. அவர் விற்பதை அண்டை நாட்டால் தானே செய்துகொள்ளவும் முடியாது, பேரரசிடமிருந்து வாங்கவும் முடியாது. அவருடைய வெற்றியின் இரகசியம் அதுதான். வணிகம் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு படித்தால் இது தப்பிவிடும். அந்த வெற்றிக்கும் ஆயுள் உண்டு என்று அடுத்த நூலில் அசிமோவ் காட்டுகிறார். மியூல் வரும் காலத்தில் பவுண்டேஷனின் நகரத்தலைவர் மூன்றாம் இன்ட்பர், தாத்தாவின் பதவியை வாரிசாகப் பெற்றவர். வெளியே இருக்கும் தனி வணிகர்கள் அவர்மேல் வெறுப்பில் இருக்கிறார்கள்.

பொறியியல் மாணவர்களுக்கு இதே பகுதியில் இன்னொரு காட்சி. பேரரசின் பிரம்மாண்டமான மின்நிலையத்தை மாலோ பார்க்கப் போகிறார். பொறுப்பாளர் வேலை பரம்பரையாக வருவது. ஓர் உறுப்பு உருகிப்போனால் சரிசெய்ய முடியுமா என்று கேட்டதும் அவருக்குக் கோபம் வருகிறது. இயந்திரம் என்றென்றைக்கும் ஓடும்படி கட்டியது என்பதே அவர் பதில். டெர்மினஸில் உலோகம் இல்லை, அதனால் எல்லாவற்றையும் சிறிதாகச் செய்யக் கற்றார்கள், செய்யத் தெரிந்ததால் பழுதுபார்க்கவும் தெரிந்தது. அறிவு எப்படி அழிகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

ரோபோ பக்கத்தில் மையம், ரோபோக்களைக் கட்டுப்படுத்தும் மூன்று விதிகள். ‘அஸ்டவுண்டிங்’ 1942 மார்ச் இதழில் வந்த ‘ரன்அரவுண்ட்’ கதையில் அவை முதன்முதலாக வெளிப்படையாக வந்தன. மனிதருக்குத் தீங்கு செய்யாதே என்பது முதல் விதி. 1985 நாவலில் அதற்கும் மேலாக ஒரு விதி பிறக்கிறது: மனித குலத்துக்குத் தீங்கு வரவிடாதே. ஒரு மனிதருக்கு நேரும் தீங்கைக் கண்ணால் காணலாம். மனித குலத்துக்கு நேரும் தீங்கை எப்படி அளப்பது? அதற்கு ஒரு கணிதம் வேண்டும். எந்தக் கணிதம் என்று, முதல் மூன்று நூல்களைப் படித்துவிட்டு வந்தவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு தொடர்களும் பொருந்தும் இடம் இதுதான், என் பார்வையில் மொத்த வரிசையின் உச்சமும் இதுதான்.

குறையும் உண்டு. முதல் நூலில் பெண்களுக்கு ஏறக்குறைய இடமே இல்லை. இரண்டாவதில் பெய்ட்டா, மூன்றாவதில் 14 வயது ஆர்கேடி டாரெல் வந்த பிறகே அது மாறுகிறது. 1980-களின் நாவல்கள் பழையவற்றைவிட மிகப் பருமன், பேச்சும் கூடுதல். அங்கே வேகம் குறைவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பேரரசு நாவல்கள் மூன்றும் (முன்பு சொன்ன ‘தி கரண்ட்ஸ் ஆஃப் ஸ்பேஸ்’, ‘தி ஸ்டார்ஸ், லைக் டஸ்ட்’, இவற்றோடு ‘பெபிள் இன் தி ஸ்கை’) கட்டாயமில்லை. அவற்றில் ஒன்று மட்டும் என்றால் ‘பெபிள் இன் தி ஸ்கை’ (1950). ‘தி எண்ட் ஆஃப் எடர்னிட்டி’ (1955) தனித்து நிற்கும் அருமையான நாவல், ‘எட்ஜ்’ நாவலுக்கு முன் படித்தால் அங்கே ஒரு குறிப்பு விளங்கும். கிரெகரி பென்ஃபோர்ட், கிரெக் பேர், டேவிட் பிரின் ஆகியோர் 1997 முதல் 1999 வரை எழுதிய மூன்று நாவல்கள் எல்லாம் முடிந்த பிறகு, விருப்பமிருந்தால். 2021-இல் ஆப்பிள் டிவியில் தொடங்கிய தொடரைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு ஒரு சொல்: அதில் வரும் நகலெடுத்த பேரரசர்கள் நூல்களில் கிடையாது. அவர்களைத் தேடிக்கொண்டு படித்தால் ஏமாற்றம்தான்.

பழைய புத்தகக் கடையில் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: 1955-இல் ஏஸ் பதிப்பகம் முதல் நூலை ‘தி 1,000-இயர் பிளான்’ என்றும், இரண்டாம் நூலை ‘தி மேன் ஹூ அப்செட் தி யூனிவர்ஸ்’ என்றும் பெயர் மாற்றி வெளியிட்டது. வேறு கதை என்று எண்ணி இரண்டாம் முறை வாங்க வேண்டாம். முதல் மூன்றும் ஒரே கட்டாக வரும் பதிப்பு வீட்டுக்கு நல்லது. நூலகத்துக்குத் தனித்தனி நூல்களே நல்லது, ஒருவர் இரண்டாவதைப் படிக்கும்போது இன்னொருவருக்கு முதல் நூல் கிடைக்கும்.

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்து நூலகர்களும் கல்லூரி நூலகங்களும் இந்த 12 நூல்களின் வரிசையை ஒரு சீட்டில் அச்சிட்டு ஒவ்வொரு பிரதியின் உள்ளட்டையிலும் ஒட்ட வேண்டுகிறேன். தங்கள் புத்தகப் பக்கமும் திருத்திய பட்டியலை ஒருமுறை வெளியிட வேண்டும். வாங்கப் பணம் குறைவாக இருக்கும் நூலகம் முதல் மூன்றையும் ‘தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’ நாவலையும் மட்டும் இப்போது வாங்கட்டும். முன்கதை இரண்டையும் கடைசியாக வாங்கினால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி.